கொண்டக்ரர் கோபியின் புல்லு வளவு

உலகத்தில் முதல் புல்லு முளைத்த நாளிலிருந்து இன்றைய திகதி வரைக்கும், புல்லைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அது திரும்பிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் சரவணை ஊர்க் கோபிசங்கர் அண்ணைதான். வெள்ளைக்காரருடைய அரண்மனைகளில் புல்லுக்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்களாம். அவர்களை எல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இவருடைய வளவில் இறக்கினால், முதல் ஐந்து நிமிடம் அழுவார்கள், அடுத்த ஐந்து நிமிடத்தில் பட்டத்தைக் கிழிப்பார்கள், அதற்குப் பிறகு மிச்சக் காசு கேட்டுச் சண்டை பிடிப்பார்கள். ஏனென்றால் கோபி அண்ணை பஸ் கொண்டக்ரர்.

நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு வாசிக்கலாம். ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் தவறிப் படிப்பை விட்டவள் நான். அதனால் சரியான பாதி எது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

கோபி அண்ணைக்கு வயது முப்பத்தெட்டு. யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவான் துறைக்கும் இடையில் ஓடுகிற ஒரு பஸ்ஸில் பன்னிரண்டு வருடமாகத் தொங்குகிறார். உள்ளே இடம் இருந்தாலும் வாசலில்தான் தொங்குவார். உள்ளே நின்றால் வீதிக்கரை தெரியாதாம். வீதிக்கரையில் அப்படி என்ன தெரிய வேண்டும் என்று கேட்டால், "போன கிழமை கதிர் விடாமல் நிண்டது, இண்டைக்கு விட்டிருக்கோ எண்டு பாக்க வேணும்" என்பார். திடீரென்று விசில் அடித்து பஸ்ஸை மறிப்பார். குதிப்பார். வேலியோரம் ஓடுவார். திரும்பி ஓடி வந்து இரண்டு விசில் அடிப்பார்.

"ஆரடா ஏறினது?" என்று ட்ரைவர் பாலசிங்கம் அண்ணை முன்னாலிருந்து கத்துவார்.

"இவர்தான் அண்ணை" என்று கையிலிருக்கிற புல்லுக் கதிரைத் தூக்கிக் காட்டுவார்.

"அவருக்கு அரை ரிக்கற்றோ முழு ரிக்கற்றோ?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். கோபி அண்ணையும் சிரிப்பார். ஆனால் கதிரைச் சட்டைப் பையில் வைக்கிற விதத்தைப் பார்த்தால், கோயிலில் வாங்கிய விபூதியை வைப்பது மாதிரி இருக்கும்.

வீதிக்கரையை விடப் பெரிய விளைச்சல் பஸ்ஸுக்குள்தான். குறிகட்டுவானில் நயினாதீவுச் சனமும் நெடுந்தீவுச் சனமும் வள்ளத்தால் இறங்கி பஸ் ஏறும். நெடுந்தீவில் காணி பார்க்கப் போய் வருகிற ஆளின் காற்சட்டை மடிப்பில் நெடுந்தீவின் அரைவாசிப் புல்லு இருக்கும். சீலைக் கரையில் ஒட்டுப்புல்லு வரிசையாகக் குத்தி நிற்கும். பெண்கள் அதைப் பிடுங்கிச் சன்னலால் எறிவதைப் பார்க்க கோபி அண்ணைக்கு நெஞ்சு பதறும். தொடக்கத்தில் ஒரு நாள் மண்டைதீவு அக்கா ஒருவரிடம் மிகவும் பணிவாகக் கேட்டிருக்கிறார்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. உங்கட சீலைக் கரையிலை ஒரு சாமான் கிடக்கு. எடுக்கலாமோ?"

"ஐயோ, என்ன பூச்சியே?"

"பூச்சி இல்லை. புல்லு."

"கண்டறியாத புல்லுக்கோ நீர் என்ர சீலையிலை கை வைக்கப் பாக்கிறீர்?"

அக்கா குடையால் ஒரு போடு போட்டார்; குடை மடக்கியபடியேதான் இருந்ததாம். அதனால் நெற்றியில் ஒரு தடிப்போடு போயிற்று. அந்த அக்காவின் பேர் மாக்கிறேற். மீன் விற்கிறவர். இப்போது கோபி அண்ணைக்கு ஆக அதிகம் புல்லு விதை கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். பஸ்ஸில் ஏறியதும் காசோடு சேர்த்து இரண்டு மூன்று விதையையும் கையில் வைப்பார். மற்றச் சனமும் அப்படியே பழகிவிட்டது. கோபி அண்ணை ஒரு ரிக்கற்றைக் கிழித்து அதில் விதையைச் சுற்றி, ஏறின இடத்தையும் திகதியையும் பேனையால் எழுதிக்கொள்வார். எங்கள் பஸ்ஸில் ரிக்கற் கிழிப்பதே விதை சுற்றத்தான். ஆளுக்கு ரிக்கற் கேட்டால் "இறங்கேக்கை தாறன்" என்பார்.

புல்லுகளுக்கு அவர் பேர் வைத்தது இப்படித்தான். ஊரில் பேர் இருக்கிற புல்லு கொஞ்சம்: அறுகு, தர்ப்பை, கோரை, வெட்டிவேர், கடற்கரையில் உருண்டு திரிகிற இராவணன் மீசை. மிச்சம் எல்லாவற்றுக்கும் எங்கள் சனம் வைத்த பேர் ஒன்றே ஒன்றுதான். "புல்லு". கோபி அண்ணை யாருடைய உடுப்பில் வந்ததோ அவருடைய பேரை வைத்துவிடுவார். தடித்த அடியோடு காற்றுக்கு அசையாமல் நிற்கிறது மாக்கிறேற். மெல்லிய தண்டில் ரோசாப்பூ நிறத்தில் பஞ்சு மாதிரிக் கதிர் விட்டு, ஒரு சின்னக் காற்றுக்கே வெட்கப்பட்டு வளைகிறது கிறேஸ். அது நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போய் வருகிற ரீச்சர். ரீச்சருக்கு இன்னும் தெரியாது. யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இதெல்லாம் வளர்வது எங்கள் பக்கத்து வளவில். பஸ் றோட்டுக் கரையிலேயே நாலு பரப்புக் காணி. கோபி அண்ணையின் மனைவி துஷாந்தினி அக்காவுக்குச் சீதனமாக வந்தது வீடும் அது நிற்கிற காணியும் மட்டும்தான். வீட்டோடு ஒட்டின இந்த நாலு பரப்பு அவருடைய தமக்கை தர்சனா அக்காவின் பங்கு. தர்சனா அக்கா கனடாவில். காணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவர்களிடம் விட்டிருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்து உடைமுள்ளும் நாயுண்ணியும் அடைத்த காணி அது. கோபி அண்ணை லீவு நாட்களில் தனியாக நின்று ஒரு வருடம் முள்ளு வெட்டினார். ஊர் அவரைப் புகழ்ந்தது. பிறகு, வெறும் நிலமாகக் கிடந்த அதே காணியில் அவர் முழங்காலில் இருந்து புல்லு நடுவதை ஊர் பார்த்தது. புகழ்ச்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் வளவு என்றால் மண் தெரிய வேண்டும். விடியக் கூட்டி, குப்பை அள்ளி, விளக்குமாறு போன கோடு வரிவரியாகக் கிடக்க வேண்டும். புல்லு நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை, அல்லது ஆள் இருந்தும் சரியில்லை. புல்லை மண்வெட்டியால் செருக்குவதற்குக் கூலி கொடுக்கிற ஊரில் புல்லு நடுகிறவனை என்னவென்று சொல்வது?

"கலியாணம் முடிச்ச புதுசிலை மல்லிகைப்பூ கொண்டு வந்த மனுசன்" என்று துஷாந்தினி அக்கா என் அம்மாவிடம் சொல்வார். "இப்ப மாட்டுச் சாப்பாடு கொண்டு வாறார். சட்டைப் பையைப் பாக்காமல் தோய்ச்சுப்போட்டன். தோய்க்கிற கல்லடியிலை எல்லாம் முளைச்சுப்போய் நிக்குது."

"பிடுங்கி எறியன்."

"எறிவனே? அதிலை ஒண்டு வடிவாப் பூத்திருக்கு."

வடிவுதான். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனாலும் எழுதுகிறதென்று வந்துவிட்டபடியால் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த புல்லுகளை வாடைக்காற்று வருகிற பக்கம் பின்னால் நட்டிருப்பார். முன்னுக்கு வர வர உயரம் குறையும். ஒரே சாதியை வரிசையாக நடமாட்டார். மூன்று ஐந்தாகக் கூட்டம் கூட்டமாக நடுவார். "பஸ்ஸிலை சனம் நிக்கிற மாதிரி இருக்க வேணும், பள்ளிக்கூடத்து அசெம்பிளி மாதிரி இருக்கக் கூடாது" என்பார். கூட்டங்களுக்கு இடையில் பூ. கடைப் பூ இல்லை. தும்பை வெள்ளை, பட்டிப்பூ ரோசா, காவிளாய் ஊதா, மண்ணோடு ஒட்டி விஷ்ணுகிராந்தி நீலம். இடையிடையே ஆவரசு மஞ்சள். தை மாதம் பிறந்து மழை விட்டதும் எல்லாம் ஒன்றாகப் பூக்கும், எல்லாப் புல்லும் ஒன்றாகக் கதிர் விடும். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது கதிர் எல்லாம் பற்றி எரிவது மாதிரி நிற்கும். எனக்கு வெறும் புல்லுத்தான். சும்மா பார்த்ததைச் சொல்கிறேன்.

உரம் போடமாட்டார். போட்டால் புல்லுக் கொழுத்துச் சரிந்து பூவை அமத்திவிடுமாம். பங்குனியில் விதை கொட்டிய பிறகு அரிவாளால் ஒட்ட வெட்டி, வெட்டியதை ஒரு துரும்பு விடாமல் அள்ளி மாட்டுக்குக் கொடுத்துவிடுவார். அங்கேயே விட்டால் அது உக்கி உரமாகிவிடும். "மண்ணைக் கொஞ்சம் பட்டினி போட்டால்தான் எல்லாரும் சண்டை இல்லாமல் இருப்பினம்" என்று ஒரு தத்துவம் வேறு.

ஏழு வருடம் இப்படிப் போனது. இந்த வருடம் தை முடிவில் தர்சனா அக்கா கனடாவிலிருந்து வீடியோக் கோல் எடுத்தார். மாசியில் ஊருக்கு வருகிறாராம். வளவை ஒருக்காக் காட்டச் சொன்னார். துஷாந்தினி அக்கா போனைத் திருப்பிக் காட்டினார். நான் அப்போது அவர்கள் குசினி வாசலில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"ஐயோ துஷி! காடும் பற்றையும் பிடிச்சுப் போச்சே!"

"பற்றை இல்லை அக்கா, இவர்..."

"எனக்குத் தெரியாதே? தொண்ணூறிலை சண்டைக்குப் பயந்து ஓடேக்கை எனக்குப் பத்து வயசு. ஆறு வருசம் கழிச்சு அப்பா கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர். எங்கட வீடு எங்கை நிண்டதெண்டே தெரியேல்லை, அவ்வளவு பற்றை. அப்பா றோட்டிலை நிண்டு அழுதவர். அதுதான் நான் கடைசியாப் பாத்தது. திரும்பவும் வந்து பற்றையைப் பாக்க என்னாலை ஏலாது. கோபி, நிக்கிறீரோ? சனிக்கிழமை மத்தியானம் நான் வந்து இறங்குவன். அதுக்கு முன்னம் மெசினை விட்டு வழிச்சுப் போடும். மண் தெரிய வேணும்."

போனுக்குள் தர்சனா அக்கா கண்ணைத் துடைத்தார். கோபி அண்ணை போனைக் கையில் வாங்கினார். பஸ் நிறையச் சனத்தோடு வாயடிக்கிற மனிதர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஓம் மச்சாள்."

தர்சனா அக்காவின் காணி. அவருடைய அழுகை. இதில் கோபி அண்ணை என்ன சொல்ல ஏலும்? துஷாந்தினி அக்கா "நான் விளங்கப்படுத்திச் சொல்லுறன்" என்றார். "வேண்டாம்" என்றார் கோபி அண்ணை. "அவ அழுதவ எல்லோ." மண் தள்ளுகிற மெசின்காரன் வசீகரனுக்கு அவரே போன் எடுத்துச் சனிக்கிழமை காலை வரச் சொன்னார்.

வியாழக்கிழமை பின்னேரம் வேலியால் எட்டிப் பார்த்தேன். பெயின்ற் வாளி நாலை வைத்துக்கொண்டு நின்றார். நாலு வாளிக்குள் நாலு பரப்பு எப்படிப் போகும்? ஒரு புல்லைக் கிண்டுவார். வாளிக்குள் வைப்பார். பிறகு வேறொன்றைப் பார்ப்பார். வைத்ததை எடுத்துத் திரும்ப நடுவார். இருட்டுமட்டும் இதே வேலை. போகும்போது நாலு வாளியும் வெறுமையாகத்தான் இருந்தன.

எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எனக்குப் பொழுது போகவில்லை. பொழுது போகாவிட்டால் நான் ஏதாவது செய்வேன் என்பது ஊருக்குத் தெரியும். பிரின்சிப்பலின் சைக்கிள் மணியைக் கழற்றி ஆட்டுக்குக் கட்டியதும் நான்தான். அப்பா இரும்புக் கேற் ஒட்டுகிற தொழில். வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் எங்கள் பழைய கேற் கிடந்தது. அதன் தலையில் மூன்று முனையோடு ஒரு சூலம். கிணற்றடியில் உடைந்த அம்மிக்குழவியின் பாதி. பகல் இரண்டு மணிக்கு ஊரே சாப்பிட்டு நித்திரை. கோபி அண்ணை பஸ்ஸில். துஷாந்தினி அக்கா நாடகம் பார்க்கிறார். வளவின் நடுவில் ஒரு மேடு இருந்தது. குழவியை அதில் நிமிர்த்தி வைத்தேன். சூலத்தைப் பின்னால் ஊன்றினேன். மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் சாத்தினேன். பத்து நிமிடத்தில் காவல் தெய்வம் வைரவர். மெசின்காரன் என்ன, கவர்மென்ற்றே வந்தாலும் வைரவரை அசைக்கமாட்டாது.

சனிக்கிழமை விடிய கோபி அண்ணை வேலைக்குப் போய்விட்டார். லீவு எடுத்திருக்கலாம். நின்று பார்க்க ஏலாது என்றுதான் போனார். நான் காண வளவுப் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் வைரவரையும் காணவில்லை.

எட்டு மணிக்கு வசீகரன் மெசினோடு வந்தான். மதிலடியில் நிறுத்தினான். எட்டிப் பார்த்தான். இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"இது எப்ப வந்தவர்?" என்று என்னைக் கேட்டான்.

"ஆதியிலை இருந்தே இருக்கிறார்."

"போன மாசம் இதாலை போகேக்கை நான் காணேல்லையே."

"உமக்குக் காட்சி தரேல்லைப் போலை."

அவன் முகம் வெளிறிவிட்டது. வைரவரை அசைத்த ஒருவனுடைய மெசின் மூன்று மாதம் ஸ்ரார்ட் வராமல் கிடந்த கதையைச் சொன்னான். இரண்டு கையாலும் கும்பிட்டான். மெசினைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னைப் போல ஒரு மூளைசாலி தீவகத்திலேயே பிறக்கவில்லை என்று ஒன்றரை மணித்தியாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணித்தியாலம்தான். நான் யோசிக்காத விசயம் ஒன்று இருந்தது. மெசின்காரன் சும்மா போகவில்லை. போகிற வழி எல்லாம் சொல்லிக்கொண்டே போனான். வைரவர் வந்திருக்கிறார் என்றால் எங்கள் சனம் முதலில் என்ன செய்யும்? கும்பிடும். இரண்டாவதாக என்ன செய்யும்?

கோயில் வீதியைத் துப்பரவாக்கும்.

பத்து மணிக்கு கதிர்காமு அப்பு வந்தார். எங்கள் ஊர் உழவாரத் தொண்டர் சபைத் தலைவர். வேலை தொடங்கவும் முடிக்கவும் விசில் ஊதுகிறவர். பின்னால் பதினொரு பேர். எல்லோர் தோளிலும் மண்வெட்டி.

"பாவம் மனுசன், புல்லுக்கை நிக்கிறார்" என்று வைரவரைப் பார்த்து இரங்கினார் அப்பு. "தொடங்குவம். றோட்டுக் கரையாலை செருக்கிக்கொண்டு போவம்." விசில்.

"அப்பு, பொறுங்கோ! உள்ளுக்கை பாம்பு!"

"வைரவர் இருக்கிற இடத்திலை பாம்பு என்ன செய்யும்?"

"நேற்று வைரவர் என்ர கனவிலை வந்தவர். புல்லு வெட்ட வேண்டாம் எண்டவர்."

"என்னத்திலை வந்தவர்?"

"நாயிலை."

"என்ன நிற நாய்?"

நான் யோசித்தேன். அந்த யோசனையிலேயே பிடிபட்டுவிட்டேன். மண்வெட்டிகள் விழத் தொடங்கின. முன்வரிசைத் தும்பை போனது. விஷ்ணுகிராந்தி மண்ணோடு சேர்ந்து புரண்டது. மாக்கிறேற் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை; மூன்றாவது ஆள் வந்ததும் போய்விட்டார். கதிரெல்லாம் ஒரு கரையில் குவிந்தது. எனக்குத் தொண்டைக்குள் ஏதோ புழுதி போய்விட்டது.

"அப்பு! அது வைரவர் இல்லை! எங்கட வீட்டு அம்மிக்குழவி! உடைஞ்ச பாதி!"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்பு என்னை மிகவும் பரிவோடு பார்த்தார்.

"எந்தச் சாமியும் ஒரு காலத்திலை சும்மா கல்லுத்தான், பிள்ளை."

"நான்தான் கொண்டுவந்து வைச்சனான்!"

"நீ எங்கை வைச்சாய்? உன்னைக் கொண்டு வைப்பிச்சிருக்கிறார். கன்னத்திலை போடு."

பிறந்ததிலிருந்து நான் உண்மை சொன்ன நாட்கள் குறைவு. சொன்ன ஒரு நாளில் இப்படி. கன்னத்தில் போட்டுக்கொண்டு துஷாந்தினி அக்காவிடம் ஓடினேன். அவர் வெளியே வந்தார், பார்த்தார். "வேலை செய்யிற ஆக்கள் தேத்தண்ணி குடிக்காமல் நிக்கப்படாது" என்று எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். அடுப்பில் கேத்தில் வைத்தார். அந்தக் கேத்தில் மாதிரி மெதுவாகக் கொதித்த கேத்திலை நான் கண்டதில்லை. பிறகு வடை சுட்டார். ஒவ்வொன்றாகச் சுட்டார். அப்போது மூன்றில் ஒரு பங்கு வளவு வெறும் மண்ணாகிவிட்டிருந்தது.

கடைசி வடை சட்டிக்குள் கிடக்கும்போது பஸ் வந்தது. கதை குறிகட்டுவான் வரைக்கும் போயிருக்க வேண்டும். பாலசிங்கம் அண்ணை வளவடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார், வைரவரைக் கும்பிடச் சனமெல்லாம் இறங்கியது. கோபி அண்ணை கடைசியாக இறங்கினார். வெறும் மண்ணைப் பார்த்தார். பின்னுக்கு மிச்சம் நிற்கிறதையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் போய், காசுப் பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அதே நேரம் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வான் வந்து நின்றது. தர்சனா அக்கா இறங்கினார்.

முதலில் முன்பக்கத்து மண்ணைத்தான் கண்டார். முகம் மலர்ந்தது. பிறகு தலையை நிமிர்த்தினார். பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கிற கதிரைக் கண்டதும் காலை எடுத்து வைக்காமல் றோட்டிலேயே நின்றுவிட்டார். அவருடைய அப்பா நின்ற இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

"இதென்ன கோபி?"

வைரவரின் காணி, தொட ஏலாது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. கதிர்காமு அப்புவே சாட்சி சொல்வார். நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். கோபி அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை.

"புல்லு, மச்சாள்."

"தானா முளைச்சதோ?"

"இல்லை. நட்டது. ஒவ்வொண்டா நட்டது. நீங்கள் சொன்னபடி வழிக்கத்தான் மெசினைக் கூப்பிட்டனான். அதை ஆர் மறிச்சதெண்டு எனக்குத் தெரியாது. பின்னேரம் நானே மண்வெட்டியாலை செருக்கி விடுறன்."

"புல்லை ஆரும் நடுவினமே?"

கோபி அண்ணை உள்ளே கையைக் காட்டினார். "ஒருக்கா உள்ளுக்கை வந்து பாருங்கோ" என்றார். "பாத்த பிறகு செருக்குறன்."

தர்சனா அக்கா பயந்து பயந்துதான் வந்தார். புல்லுக் கூட்டங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வளைந்து போகிற பாதை இருக்கிறது. அதில் இரண்டடி வைத்தவர் குனிந்து கீழே பார்த்தார். பாதை முழுக்க விளக்குமாறு போன கோடு. வரிவரியாக, ஒரு சருகு இல்லாமல்.

"இது ஆர் கூட்டினது?"

"நான்தான்."

"எப்ப?"

"விடிய நாலரைக்கு. பஸ்ஸுக்குப் போக முன்னம்."

"இண்டைக்குமோ? வழிக்கப் போற வளவையோ கூட்டினீர்?"

"போறதெண்டாலும் குப்பையோடை விடலாமே" என்றார் கோபி அண்ணை. "ஆனா இண்டைக்கு நிலத்தை மட்டும்தான் பாத்துக் கூட்டினனான். நிமிர்ந்து பாக்கேல்லை."

தர்சனா அக்கா பாதை போகிற வழியால் கடைசி வரைக்கும் நடந்தார். நாங்கள் எல்லோரும், கதிர்காமு அப்பு, பதினொரு மண்வெட்டி, ஒரு பஸ் சனம், வெளியில் நின்று அவருடைய தலை கதிர்களுக்கு இடையால் போவதைப் பார்த்தோம். தலை ஒரு இடத்தில் நின்றது. குனிந்தது. திரும்பி வரும்போது கையில் ஒரு காவிளாய்ப் பூ இருந்தது, கண் நனைந்திருந்தது.

"பற்றை எண்டால் கூட்ட ஆள் இல்லாத இடம்" என்றார் யாருக்கென்று இல்லாமல். பிறகு கதிர்காமு அப்புவிடம், "ஐயா, மிச்சத்தைத் தொட வேண்டாம்."

"அப்ப வைரவர்?"

"அவரும் இருக்கட்டும். போய்க் கும்பிட வழி கூட்டித்தானே கிடக்கு. முன்னுக்கு மட்டும் மண்ணாய்க் கிடக்கட்டும் கோபி. எனக்கு ஒரு கதிரையைப் போட்டு, அதிலை இருந்து பாக்க ஒரு இடம் வேணும்."

அப்புவுக்கு அரை மனம்தான். என்றாலும் முடிப்பு விசிலை ஊதினார். பாலசிங்கம் அண்ணை பஸ் ஹோர்னை அடித்தார். சனம் ஏறியது. கொண்டக்ரர் ஏறவில்லை, பாதி வழியில் லீவு எடுத்த முதல் கொண்டக்ரர் அவராகத்தான் இருப்பார். மாக்கிறேற் அக்கா அன்றைக்கு எல்லோரிடமும் காசு வாங்கினாராம். மிச்சம் ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம்.

பின்னேரம் தர்சனா அக்கா உள்ளே நித்திரை. செருக்கிக் குவித்ததிலிருந்து கதிரைத் தெரிந்து தெரிந்து எடுத்துக்கொண்டிருந்த கோபி அண்ணை, மதிலில் இருந்த என்னைக் கண்டார்.

"லக்சிகா, இஞ்சை வாரும்."

எனக்கு எப்போதும் "வா" தான் போடுவார். "வாரும்" என்றதும் இறங்கிப் போனேன். வைரவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"சூலம் உங்கட பழைய கேற்றின்ர தலை. உம்மட கொப்பர் அதை ஒட்டேக்கை பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்."

"அதைத்தான் நானே எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே. ஒருத்தரும் நம்பேல்லை."

"ஏன் செய்தனீர்?"

"சும்மா பகிடிக்கு. பொழுது போகேல்லை. எனக்கென்ன, கண்டறியாத புல்லு."

கோபி அண்ணை குந்தினார். வைரவருக்கு ஒரு சாண் தள்ளி, குறண்டிப்போய் நின்ற ஒரு சின்னப் புல்லைத் தொட்டுக் காட்டினார். அதைச் சுற்றி விரலால் இழுத்த பாத்தி ஒன்று இருந்தது. மண் ஈரம்.

"இது கிறேஸ். போன மாரியிலை முளைச்சது. கல்லு நிக்கிற அதே இடத்திலைதான் நிண்டது. பகிடிக்குக் கல்லு வைக்கிற ஆள், கீழை நிக்கிற புல்லை வேர் அறாமல் கிளப்பி, இஞ்சாலை நட்டு, பாத்தி கட்டி, வெள்ளிக்கிழமையும் தண்ணி ஊத்தி, இண்டைக்கும் ஊத்துமோ?"

இதை நான் மேலே எழுதாமல் விட்டிருந்தேன். விட்டதற்குக் காரணம் இல்லை.

"மழை பெய்திருக்கும்" என்றேன்.

"ஓமோம்" என்றார் கோபி அண்ணை. "இந்த ஒரு புல்லுக்கு மட்டும்."